கொண்டை போடுகிற வலது கை

வாய் நிறையக் கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டு தெளிவாகப் பேச பிரகதீஸ்வரிக்கு வரும். "பொண்ணு, மூஞ்சிய இப்புடி உம்முன்னு வெச்சிருக்காதீங்க. போட்டோல மாமியா மாதிரி விழுவீங்க" என்கிறார். பொண்ணு என் அக்கா சாவித்திரி; நான் தங்கை. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு மருமகள்களுக்கு மாமியாராகிப் பல வருஷமாகிறது. அத்தானுக்கு இன்று அறுபதாம் கல்யாணம் என்பதால், வலங்கைமானிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தத்தோடு நேற்றே திருக்கடையூர் வந்து இறங்கிவிட்டோம். காலையில் அக்காவை எழுப்பிக் குளிக்கவைத்து, லாட்ஜின் தரைத்தள அறையில் பிரகதீஸ்வரியிடம் ஒப்படைத்தாயிற்று. இனிமேல் அக்கா அவர் சொன்னபடி கேட்க வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் மாலை மாற்றிக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பெண்கள் இவர் கை பட்டுத்தான் மணவறைக்குப் போகிறார்கள். எந்த வயதானாலும் இவருக்கு 'பொண்ணு'தான். கொள்ளுப்பேத்தி எடுத்தவர்களும் இந்த அறைக்குள் பொண்ணுதான். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், பேரப் பசங்க சிரிக்கப் போவுதுங்க" என்று அக்கா வெட்கப்பட்டாள். இதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறார் பிரகதீஸ்வரி. "அன்னைக்கு உங்களுக்கு என்ன தெரியும்? யாரோ சீவினாங்க, யாரோ சிங்காரிச்சாங்க, நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இன்னைக்குத்தான் நீங்களே கண்ணாடியப் பாத்து உக்காந்திருக்கீங்க. நல்லாப் பாத்துக்குங்க." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருந்தது போல. அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஒல்லியான உடம்பு, ஐம்பத்திரண்டு வயது, காலையில் போட்ட பவுடர் மதியம் வரை கலையாத முகம். வீடு பக்கத்தில் தில்லையாடியில். முன்பெல்லாம் மொபெட்டில் வருவாராம். இப்போது கணவர் தங்கையன் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். தொழிலுக்கு சீசன் உண்டா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொறந்தவங்க எல்லா மாசத்துலயும்தானே பொறந்திருக்காங்க?"

சிறிது நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். அவருடைய வலது கை அக்காவின் காது உயரம் வரை தானாகப் போகிறது. அங்கே நின்றுவிடுகிறது. உடனே இடது கை, முந்தானையைச் சரிசெய்கிற பாவனையில் வந்து, வலது முழங்கைக்கு அடியில் ஒரு தள்ளு கொடுக்கிறது. மேலே போன வலது கை ஊசியைச் செருகிவிட்டுத் தொப்பென்று விழுகிறது. பேச்சு மட்டும் நிற்பதே இல்லை. வலிக்கிற வேளையில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறார் என்பது போகப் போகப் புரிந்தது.

போன ஆவணியில் நடந்தது. எண்பதாம் கல்யாணப் பொண்ணு ஒருவர், நல்ல கனத்த உடம்பு, கலச நீர் ஊற்றி முடிந்ததும் ஈரப் புடவையோடு எழுந்திருக்கிறார். கருங்கல் தரையில் கால் வழுக்கியது. பின்னால் மாற்றுப் புடவையோடு நின்ற பிரகதீஸ்வரி வலது கையை நீட்ட, அந்த அம்மா மொத்த பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிவிட்டார். "தோள்ல துணி கிழியிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அந்தம்மா விழலைங்க. நான்தான் விழுந்தேன், நின்னுக்கிட்டே." அதே கையால் அந்தப் பொண்ணுக்குக் கூறைப்புடவையும் கட்டிவிட்டு, தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அப்புறம்தான் தப்பு செய்தார். தப்பு என்று அவரே சொல்கிறார், அதையும் ஒரு மிடுக்கோடு. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை. "எலும்பு நல்லாருக்குன்னா எல்லாம் நல்லாருக்குன்னுதானேங்க அர்த்தம்? நான் அந்தப் படத்த ஊரு பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்." எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டுகிறவர் ஒருவரிடம் ஒரு கட்டு, அது அவிழ்ந்ததும் இன்னொரு கட்டு, வெந்நீர் ஒத்தடம், தைலம். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சோற்றுப் பானையை இறக்க முடியவில்லை. கார்த்திகை பிறக்கிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டை போட்டிருக்கிறார். கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரார் வீட்டுப் பொண்ணுக்குத் தலை வலித்தால் ஓடி மாத்திரை வாங்கி வருகிற ஆள் இவர்.

கடைசியில் தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் விஷயம் வெளிப்பட்டது. தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிற தசைநார்களில் இரண்டு எலும்பிலிருந்து முழுசாக அறுந்து உள்ளே சுருங்கியிருந்தன. டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "தலை வார முடியுதாம்மா?"

"என் தலையையா, அடுத்தவங்க தலையையா?"

டாக்டர் சிரித்துவிட்டு, தொழில் என்ன என்று விசாரித்திருக்கிறார். சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டோடு இருக்கிறவர் என்றால் பயிற்சியிலேயே சமாளிக்கச் சொல்லலாம். தோள் மட்டத்துக்குக் கை வந்தால் சமைக்கலாம், துவைக்கலாம். நாளெல்லாம் தலைக்கு மேல் கையைத் தூக்கும் தொழிலுக்கு அது போதாது. துளை வழியாக ஆபரேஷன் செய்து நாரை எலும்போடு சேர்த்துத் தைக்கலாம். ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கிடக்கும், பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி, முழுதாகத் தூக்க அரை வருஷத்துக்கு மேல் ஆகும். தைத்தது மறுபடி விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் தள்ளிப்போட்டால் தைக்கவே முடியாமல் போகலாம்.

இந்தக் கடைசிப் பகுதி ஏன் என்பதை எனக்கு விளக்கியவர் தங்கையன். குத்தகைக்கு எட்டு மா, கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் நிலம் செய்கிறார். சம்பா அறுப்பு முடிந்த கையோடு வந்திருந்ததால் சட்டையில் வைக்கோல் தூசி. "மாட்டுக் கயிறு முளையிலேர்ந்து அத்துக்கிச்சுன்னு வெச்சுக்குங்க. மாடு அத்த கயித்தோட நடக்க ஆரம்பிச்சிருச்சு. இப்பன்னா பக்கத்து வயல்லதான் மேயுது. இழுத்துட்டு வந்து புது முளை அடிச்சுக் கட்டிப்புடலாம். நாள் போச்சுன்னா அது எங்கயோ போய் நிக்கும். கயிறும் இத்துப்போயிடும். அப்பறம் எதப் புடிச்சுக் கட்டுறது?" இதைச் சொல்லிவிட்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். பலமுறை சொன்ன பேச்சு என்று தெரிந்தது.

பிரகதீஸ்வரி அவ்வளவு சீக்கிரம் மசிகிறவர் இல்லை. அவருக்கென்று ஒரு மருத்துவக் குழு இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் குடும்பங்களில் எப்படியும் ஒரு டாக்டர் மகனோ மருமகனோ இருப்பார். பூக்கூடைக்கு அடியில் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்திருக்கிறார், ஆள் சிக்கினால் உருவி எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே இடது கையால் பிடித்துவிடுவார். "வேட்டியோட, வெறும் மேலோட, மாவெளக்கு வாசத்துல நிக்கிற டாக்டரு பொய் சொல்லமாட்டாரு" என்பது அவர் கட்சி. அமெரிக்க மருமகன் ஒருவர், வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊசி நாரை ஒட்டாது என்றார். துபாய் மகன் ஒருவர், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் திருப்பிச் செலுத்துகிற ஊசியைப் பற்றிச் சொல்லிவிட்டு, சின்னக் கிழிசலுக்குத்தான் அது என்று முடித்தார். இன்னொருவர், ரொம்ப முற்றிப்போனால் தோள் மூட்டையே மாற்றலாம் என்றார். எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு, பயிற்சியிலேயே கையை மேலே கொண்டுவந்துவிடுவேன் என்று இறங்கிவிட்டார்.

அதில் சுணங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது. மயிலாடுதுறையில் ஷிஃபா என்ற பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று, சுவரில் விரல்களை எறும்பு போல ஏறவிடுவது. எட்டிய இடத்தில் ஒரு குறி வைக்கச் சொல்லியிருக்கிறார் ஷிஃபா. பிரகதீஸ்வரி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். இந்த லாட்ஜ் அறையின் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்திலிருந்து பொட்டுகள் ஏறுகின்றன. சிவப்பு, பச்சை, கல் வைத்தது, நீளத் திலகம். லாட்ஜ் மேனேஜர் முபாரக் முதலில் சத்தம் போட்டாராம். இப்போது வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்தச் சுவரை விட்டுவிடச் சொல்லிவிட்டார்.

"பாருங்க, எங்கேர்ந்து எங்க வந்திருக்கேன்னு" என்று பெருமையாகக் காட்டினார். பார்த்தேன். ஆரம்பத்தில் விரற்கடை விரற்கடையாக ஏறிய பொட்டுகள் தோள் உயரத்துக்கு வந்ததும் நெருக்கியடித்து நின்றன. ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு. அவரே சொன்னார். "தை பொறந்ததுலேர்ந்து அங்கயேதான் ஒட்டிக்கிட்டு இருக்கேன். ஏறிடும். அந்தப் பொண்ணு ஷிஃபா என்ன சொல்லுதுன்னா, அக்கா, நான் மத்த சதைங்களுக்கு வேலை கத்துக்குடுக்கலாம், அத்தத ஒட்டவைக்க முடியாதுங்குது. சின்னப் பொண்ணு. அதுக்கென்ன தெரியும்?" கடைசிக் கேள்வியில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கை ஏறாவிட்டால் தலையை இறக்கிவிடலாம் என்றும் பார்த்திருக்கிறார். பொண்ணுகளைத் தரையில் மணைப்பலகை போட்டு உட்காரவைத்தார். உட்கார்ந்தவர்களை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இந்த வயதில் முழங்கால் நன்றாக இருக்கிற கல்யாணப் பொண்ணு எங்கே கிடைப்பாள்? பிறகு பொண்ணு நாற்காலியிலும், இவர் குப்புறக் கவிழ்த்த பால் கிரேட்டின் மேலும். இப்போதும் அதன் மேல்தான் நிற்கிறார். கிரேட் லேசாக ஆடியது. தங்கையன் வாசலில் நின்றபடி அந்தக் கிரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு முதல் அலங்காரம் முடிகிற நேரத்தில் பிரகதீஸ்வரியின் போன் அடித்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. முன்பே பெயர் பதிந்துவைத்திருந்ததில் செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வருகிறாரா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும். விட்டால் அடுத்து எப்போது என்று சொல்வதற்கில்லை. "முகூர்த்தம் முடியட்டுங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "செவ்வாக்கெழம போனா ஆவணி வரைக்கும் நான் இல்ல. அதுவரைக்கும் யாராச்சும் அறுவது ஆகாம இருப்பாங்களா? மாயவரத்துலேர்ந்து ஒரு மேக்கப் பொண்ணு வந்து ரெடிமேட் கொண்டைய மாட்டிவிட்டுட்டுப் போயிடும். அப்பறம் என்னைய யாரு தேடுவா? சாப்பாட்டுக்கு நெல்லு இருக்கு, அது இல்ல கவல. என் கை இல்லாம இந்தச் சன்னதி ஓடிப் பழகிடும்ல?" அவர் பயந்தது கத்திக்கு அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கோயிலில் எல்லாம் முறைப்படி நடந்தது. அக்காவையும் அத்தானையும் பலகையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, பிள்ளைகள், சம்பந்திகள், பங்காளிகள் எல்லோரும் கலச நீர் ஊற்றினோம். அக்கா சொட்டச் சொட்ட எழுந்தாள். இனிமேல்தான் பிரகதீஸ்வரியின் உண்மையான வேலை. மறைவுக்குக் கூட்டிப்போய், துவட்டி, கூறைப்புடவை கட்டி, ஈரத் தலையை அள்ளிக் கொண்டையாக்கிப் பூ வைத்து, தாலி ஏறுகிற நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். குருக்கள் அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார்.

புடவை நிமிஷமாய் ஏறிவிட்டது. கொண்டையில்தான் வந்தது வினை. அங்கே கிரேட் இல்லை, நாற்காலியும் இல்லை. அக்கா என்னைவிட உயரம். ஈர முடி கனம். பிரகதீஸ்வரி இடது கையால் முடியைத் திரட்டிப் பிடித்தார். வலது கையைத் தள்ளிவிட இன்னொரு கை இல்லை. கை காது வரை வந்து நடுங்கியது. முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. மறுபடி அள்ளினார். மறுபடி விழுந்தது. "பொண்ணு எங்க?" என்று குருக்கள் குரல் வந்தது. முதல்முறையாக அவர் பேச்சு நின்றிருந்தது. நெற்றியில் வேர்வை பூத்து, பவுடர் கோடு கோடாக இறங்கியது.

"இங்க வாங்க" என்றார் என்னிடம். "இதப் புடிங்க. என் முழங்கைய. தூக்குங்க. இன்னும். வலிச்சாலும் விடாதீங்க."

இரண்டு கைகளாலும் அவர் முழங்கையைத் தாங்கி அக்காவின் உச்சி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். அந்தக் கையின் முழுப் பாரமும் என் உள்ளங்கையில் இருந்தது. தோளில் உயிரே இல்லை. ஆனால் விரல்கள்! முறுக்கி, சுற்றி, மடித்து, ஊசி செருகி, சரத்தை வளைத்து அவை பறந்த வேகத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு வேலை தெரிந்த விரல்கள், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாமல் நிற்கின்றன. கொண்டை முடிந்தது. அக்கா நடந்தாள். கெட்டிமேளம் கேட்டது. அத்தான் தாலி கட்டியபோது நாங்கள் இருவரும் அந்த மறைவிலேயே நின்றிருந்தோம்; நான் அவர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஒரு பொண்ணு இருக்கு, நாகப்பட்டினத்துலேர்ந்து வருது" என்றார் மெதுவாக. "யாரு வந்து தூக்கிப் புடிப்பா?"

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் மாலைகளை எடுத்துவைக்க அந்த அறைக்குப் போனேன். பிரகதீஸ்வரி நாற்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் தலையைச் சரியாகப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி, நரை அதிகம் இல்லை. அதைப் பின்னியிருந்த விதம்தான் பரிதாபம். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளப்பு, நுனியில் சணல் கட்டுகிற முடிச்சு. ஆறு மாசமாக தங்கையன்தான் பின்னிவிடுகிறாராம். "அவருக்குத் தெரிஞ்சது வைக்கப்பிரி முறுக்கறது. அதத்தான் என் தலையில பண்றாரு" என்று சிரித்தார். தங்கையனும் வாசலில் நின்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே பின்னலை இடது கையால் அவிழ்த்தார். பூச்சரம் நறுக்குகிற கத்தரிக்கோலை மேசையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெட்டுங்க."

நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "என்னங்க இது? கல்யாணம் நடந்த அன்னைக்கு, அதுவும் வெள்ளிக்கிழமை..."

"ஆஸ்பத்திரில செவ்வாக்கெழம குடுத்திருக்காங்க. அவங்க கத்திக்குக் கெழம பாக்கல, நான் கத்தரிக்கு எதுக்குப் பாக்கணும்?" முடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார். "கைய தொட்டில்ல போட்டுடுவாங்க. அறுப்பு முடிஞ்சாச்சு, இனிமே அவருக்கு உளுந்து வேலை கெடக்கு, டெய்லி எனக்குச் சடை பின்னிக்கிட்டு இருப்பாரா? ஒத்தக் கையில வாரிக்கிற அளவுக்கு இருந்தாப் போதும்."

தங்கையன் பால் கிரேட்டை எடுத்துக்கொண்டு முபாரக்கிடம் கொடுக்கப் போய்விட்டார்.

எனக்கு மனசு வரவில்லை. நுனியில் கொஞ்சம் எடுத்தால் போதுமே என்று இடுப்புக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தேன். பிரகதீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்து, கத்தரிக்கோலோடு சேர்த்துத் தோள் வரை உயர்த்தி வைத்தார்.